பாப்பிலோமா வைரஸ் தன் டி.என்.ஏ.வை நகலெடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹெச்.பி.வி. (மனிதப் பாப்பிலோமா வைரஸ்) என்று சொன்னால் பேச்சு உடனே தடுப்பூசிக்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் போய்விடுகிறது. போகட்டும், அவசியமான பேச்சுதான். ஆனால் அந்த வைரஸ் நம் செல்லுக்குள் போய் உண்மையில் என்ன வேலை பார்க்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், புற்றுநோய் ஏன் வருகிறது, மருந்து ஏன் இல்லை, தடுப்பூசி ஏன் பலிக்கிறது என்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் புரியும். பிளஸ் டூ உயிரியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும்.

பாப்பிலோமா வைரஸ் என்பது ஒரே வைரஸா?

இல்லை, பெரிய குடும்பம். மனிதரைத் தொற்றும் வகைகளே 200க்கு மேல் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் ஹெச்.பி.வி. என்று பெயர். கையில் வரும் சாதாரண மரு ஒரு வகையால் வரும், உள்ளங்கால் ஆணி போன்ற மரு இன்னொன்றால். 16, 18 என்று எண்ணிட்ட இரண்டு வகைகள் மட்டும் சேர்ந்து உலகில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் சுமார் 70 விழுக்காட்டுக்குக் காரணம். மாட்டுக்கு, முயலுக்கு, நாய்க்கு எனத் தனித்தனி வகைகளும் உண்டு. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஷோப் 1933இல் முதலில் பிடித்தது முயலின் வைரஸைத்தான்.

உருவம் மிகச் சிறியது. குறுக்களவு சுமார் 55 நானோமீட்டர். கொழுப்பு உறை கிடையாது, புரத ஓடு மட்டும். அதற்குள் வளையம் போட்ட ஒரு டி.என்.ஏ., அதில் ஏறத்தாழ 8,000 எழுத்து ஜோடிகள். நம் செல் ஒவ்வொன்றிலும் இருக்கும் மரபுத் தொகுதி 300 கோடிக்கு மேல் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த 8,000 எழுத்தில் என்னதான் எழுதியிருக்கிறது?

ஏறக்குறைய எட்டுப் புரதங்களுக்கான குறிப்பு. சீக்கிரம் வேலைக்கு வருபவற்றுக்கு ‘எர்லி’யின் முதலெழுத்தைப் போட்டு இ1, இ2, இ4, இ5, இ6, இ7 என்று பெயர். கடைசியில் ஓடு கட்ட வருபவை ‘லேட்’: எல்1, எல்2. இ3 எங்கே என்று கேட்காதீர்கள். எண் போட்டபோது புரதம் இருக்கும் என்று நினைத்த இடம் அது, பெரும்பாலான வகைகளில் ஒன்றும் இல்லை.

இதில் இருப்பதைவிட இல்லாததுதான் முக்கியம். டி.என்.ஏ.வை எழுத்து எழுத்தாகப் படித்துப் புதுப் பிரதி எழுதும் நொதிக்கு டி.என்.ஏ. பாலிமரேஸ் என்று பெயர். பாப்பிலோமா வைரஸிடம் அது கிடையாது. பெரியம்மை வைரஸின் குடும்பமும் ஹெர்பீஸ் குடும்பமும் சொந்தப் பாலிமரேஸ் வைத்திருக்கின்றன. இது அத்தனை வசதி இல்லாத வீடு.

பாலிமரேஸ் இல்லாமல் எப்படி நகலெடுக்கும்?

செல்லிடம் இரவல் வாங்கித்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளி, “அரிசி, பருப்பு, சட்டி, அடுப்பு எல்லாம் உங்களிடம் இருக்கிறதே, நான் தீப்பெட்டி கொண்டுவந்திருக்கிறேன்” என்று சொன்னால் எப்படி இருக்கும்? அதுதான் இங்கே நடப்பது. வைரஸ் கொண்டுவரும் தீப்பெட்டி இ1, இ2 என்ற இரண்டு புரதங்கள். எங்கே தொடங்க வேண்டும் என்று காட்டுவதும், அந்த இடத்தில் டி.என்.ஏ.வைத் திறப்பதும் அவற்றின் பொறுப்பு. மற்ற வேலை முழுக்கச் செல்லினுடையது.

இ1 என்ன செய்கிறது?

டி.என்.ஏ. இரண்டு புரி முறுக்கிய கயிறு. நகலெடுக்க வேண்டுமானால் புரிகளைப் பிரித்தாக வேண்டும். அதைச் செய்யும் நொதிக்கு ஹெலிகேஸ் என்று பெயர், இ1 அப்படிப்பட்ட ஒன்று. பாப்பிலோமா வைரஸின் புரதங்களிலேயே நொதி என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். சுமார் 600 முதல் 650 அமினோ அமிலம் நீளம். குடும்பம் முழுவதிலும் அதிகம் மாறாமல் இருக்கும் புரதங்களில் ஒன்று. மாறினால் பிழைப்பு போய்விடும் என்பதுதான் காரணம்.

ஒற்றை இ1 ஒன்றும் செய்யாது. ஆறு இ1கள் கூடி வளையமாக அமர வேண்டும். தொடக்கப் புள்ளியில் இப்படி இரண்டு வளையங்கள், ஆக மொத்தம் பன்னிரண்டு இ1கள், ஆளுக்கொரு திசையில் கிளம்பும். ஒவ்வொரு வளையமும் ஒரு புரியை மட்டும் தன் நடுத்துளை வழியே இழுத்துக்கொண்டு, மற்றதை வெளியே ஒதுக்கிவிடும்.

இழுக்கிற விதம் அழகானது. 2006இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் எரிக் எனமார்க், லீமோர் ஜோஷுவா-டோர் இருவரும் மாட்டு வைரஸின் இ1 வளையத்தை டி.என்.ஏ.வோடு சேர்த்துப் படிகமாக்கி, எக்ஸ்-கதிரால் அதன் வடிவைப் பார்த்தார்கள். துளைக்குள் ஆறு விரல்கள் சுழல்படிக்கட்டுபோல ஒன்றன்கீழ் ஒன்றாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தைப் பிடித்திருந்தது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும்போது கைமாற்றிக் கைமாற்றிக் கயிற்றை இழுப்போமே, அதேதான், இங்கே ஆறு கை. மேலே பிடித்த விரல் எழுத்தோடு கீழே இறங்கும், அடிக்கு வந்ததும் விட்டுவிட்டு மறுபடி மேலே போய் அடுத்த எழுத்தைப் பிடிக்கும். இதற்கான கூலி ஏ.டி.பி. என்ற எரிபொருள். அதையும் செல்தான் கொடுக்கிறது, சொல்லவே வேண்டாம்.

பிறகு இ2 எதற்கு?

இ1க்கு ஒரு குறை உண்டு: இடம் தெரியாது. எந்த டி.என்.ஏ.வைக் கண்டாலும் லேசாக ஒட்டிக்கொள்ளும். செல்லின் கருவுக்குள் 300 கோடி எழுத்து நடுவே வைரஸின் 8,000 எழுத்தைத் தேடிப் போக அதற்கு வழி இல்லை.

இ2க்கு இடம் நன்றாகத் தெரியும். அது இரண்டிரண்டாகச் சேர்ந்து, ஏசிசி என்று தொடங்கி, நடுவில் எதுவாகவும் இருக்கக்கூடிய ஆறு எழுத்து விட்டு, ஜிஜிடி என்று முடியும் பன்னிரண்டு எழுத்துத் துண்டை மட்டும் பார்த்து இறுகப் பிடிக்கும். இந்த முனைகளில் ஒரு நயம் இருக்கிறது. ஏசிசிக்கு எதிர்ப்புரியில் ஜோடியாக வருவதைத் திருப்பிப் படித்தால் ஜிஜிடி. அதாவது இந்தப் புரியில் படித்தாலும் அந்தப் புரியில் படித்தாலும் முதலும் முடிவும் ஒன்றே. நம் புலவர்கள் பாடிய மாலைமாற்றுபோல என்று வைத்துக்கொள்ளலாம். இ2வும் இரட்டை என்பதால் ஆளுக்குப் பாதி பிடித்துக்கொள்கிறது. இப்படிப் பிடித்திருக்கும் கோலத்தை ரஷ்மி ஹெக்டேயும் உடன் உழைத்தவர்களும் 1992இல் அணு அணுவாகப் படம் எடுத்துக் காட்டினார்கள்.

ஹெச்.பி.வி. 16இன் கட்டுப்பாட்டுப் பகுதியில் இப்படி நான்கு இடங்கள் உள்ளன. அவற்றுள் சில நகலெடுப்பின் தொடக்கப் புள்ளியை ஒட்டியே இருக்கின்றன. இ2 ஒரு முனையால் அங்கே டி.என்.ஏ.வைப் பிடித்து, மறுமுனையால் இ1ஐப் பிடித்து, “உன் இடம் இதுதான்” என்று உட்கார வைக்கிறது. அதன் பிறகு மேலும் இ1கள் வந்து சேரும். ஏ.டி.பி. வந்து கூட்டம் வளையமாக மாறும்போது இ2 அந்தக் கூட்டத்தைவிட்டு விலகிக்கொள்கிறது. கல்யாணத் தரகர் ஜாதகத்தைப் பொருத்திக் கொடுத்துவிட்டு மண்டபத்திலிருந்து கிளம்பிவிடுவது மாதிரி. ஒரு வித்தியாசம், இந்தத் தரகருக்கு வேறு வேலைகளும் இருக்கின்றன. அவை கீழே வரும்.

குரங்குகளின் எஸ்.வி.40 என்ற வைரஸில் இந்த இரண்டு வேலையையும் ஒரே புரதம் செய்துவிடுகிறது. பாப்பிலோமா ஏன் இரண்டாகப் பிரித்துக்கொண்டது? என் ஊகம், கட்டுப்பாடு எளிது என்பதுதான். இ1 எவ்வளவு இருந்தாலும் இ2 கைகாட்டாமல் வேலை தொடங்காது.

திறந்த பிறகு செல் என்னென்ன தருகிறது?

பிரித்த புரி மறுபடி முறுக்கிக்கொள்ளாமல் போர்த்திப் பிடிக்க ஆர்.பி.ஏ. என்ற புரதம். முதல் சில எழுத்துகளைப் போட்டுத் தொடங்கிவைக்கப் பாலிமரேஸ் ஆல்ஃபா-பிரைமேஸ். நீளமாக எழுதிக்கொண்டு போகப் பாலிமரேஸ் டெல்டா, அது வழுக்கிவிடாமல் பிடிக்கும் பி.சி.என்.ஏ. என்ற வளையம். துண்டுகளை ஒட்ட லிகேஸ்.

கயிற்றை நடுவில் பிரித்திருக்கிறீர்களா? பிரிக்கப் பிரிக்க இரு பக்கமும் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். டி.என்.ஏ.விலும் அப்படித்தான். டோபோஐசோமரேஸ் என்ற நொதி அந்த முறுக்கை அவ்வப்போது இறக்கிவிடும். கடைசியில் இரண்டு வளையங்கள் சங்கிலிக் கண்ணிபோல் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கும்போது வெட்டிப் பிரித்து மறுபடி ஒட்டுவதும் அந்தக் குடும்பத்து நொதிதான்.

இவற்றில் பல தாமாக வந்து சேருவதில்லை. இ1 கையைப் பிடித்து இழுத்து வருகிறது. பாலிமரேஸ் ஆல்ஃபா, ஆர்.பி.ஏ., டோபோஐசோமரேஸ் மூன்றோடும் அது நேரடியாக ஒட்டுவதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள்.

இ1, இ2 இரண்டும் போதும் என்று எப்படித் தெரிந்தது?

மாட்டின் புண்ணியத்தில். மனித ஹெச்.பி.வி.யை ஆய்வகத்தில் வளர்ப்பது பெரிய தலைவலி, அதற்கு அடுக்கடுக்காக முதிரும் தோல் வேண்டும். மாட்டின் முதல் வகைப் பாப்பிலோமா வைரஸ், பி.பி.வி. 1, அவ்வளவு முரண்டு பிடிக்காது. தட்டில் வளரும் எலிச் செல்லுக்குள்ளேயே தனி வளையமாகத் தங்கிவிடும். ஆரம்பகால ஆய்வுகள் பெரும்பாலும் அதில்தான் நடந்தன.

1991இல் எஸ்டோனியாவின் மார்ட் உஸ்தாவும் ஆர்ன் ஸ்டென்லுண்டும் இந்த வைரஸின் மரபணுக்களில் எவை இருந்தால் நகலெடுப்பு நடக்கிறது என்று சோதித்தார்கள். விடை: இ1, இ2 இரண்டு மட்டும். அதே ஆண்டு மைக்கேல் பாட்ச்சன் குழு செல்லே இல்லாமல், செல்லைப் பிழிந்த சாற்றை வைத்துச் சோதனைக் குழாயிலேயே இதை நடத்திக் காட்டியது. அதில் ஒரு சுவாரசியம் உண்டு. குழாயில் இ1ஐ அள்ளிக் கொட்டினால் இ2 இல்லாமலும் நகலெடுப்பு நடக்கும். தேட வேண்டிய கூட்டமே இல்லாத இடத்தில் தரகர் எதற்கு?

மனித வைரஸுக்கு வழி பிறந்தது 1990களின் தொடக்கத்தில். தோல் செல்களைக் கொலாஜன் மெத்தைமேல் வளர்த்து, காற்றுப்படும்படி உயர்த்தி வைத்தால் அவை அசல் தோல்போல அடுக்காகும். தெப்பம்போல மிதப்பதால் ராஃப்ட் கல்ச்சர் என்று பெயர்.

ஒரு செல்லுக்குள் எத்தனை பிரதி எடுக்கும்?

அது செல் எந்த அடுக்கில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இந்த வைரஸின் சாமர்த்தியம் முழுவதும் இதில் இருக்கிறது.

தோலில் ஒரு சின்னச் சிராய்ப்பு வழியாக வைரஸ் அடியடுக்குச் செல்லுக்குள் நுழைகிறது. செல் பிரியும்போது கருவின் சவ்வு கரையும், அந்தச் சமயத்தில் எல்2 புரதத்தின் துணையோடு டி.என்.ஏ. உள்ளே சேர்ந்துவிடும். அங்கே இ1, இ2 உதவியோடு பத்துக் கணக்கில், அதிகம் போனால் நூறு பிரதி அளவுக்குப் பெருகும். பிறகு அடக்கம். அடியடுக்குச் செல் பிரியும்போதெல்லாம் அதோடு சேர்ந்து தானும் ஏறத்தாழ ஒரு மடங்கு பெருகி, எண்ணிக்கையை அப்படியே வைத்துக்கொள்ளும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில்கூட இப்படி ஓடும். சத்தம் போட்டால் நோய் எதிர்ப்பு அமைப்பு எழுந்துவிடும் அல்லவா?

அந்தச் செல்லின் வாரிசுகள் மேலடுக்குக்கு நகர்ந்து முதிரத் தொடங்கியதும் கூத்து ஆரம்பம். செல் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் பிரதிகள். உடனே எல்1, எல்2 வந்து ஓடு கட்டும். ஓர் ஓட்டுக்கு 360 எல்1 தேவை. உச்சி அடுக்கு எப்படியும் உதிர்ந்து விழப்போகிற தோல். வைரஸ் அதோடு சேர்ந்து வெளியே போகும். செல்லை வெடிக்க வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

செல் பிரியும்போது இந்தச் சின்ன வளையங்கள் தொலைந்து போகாதா?

போகும், இ2 மட்டும் இல்லாவிட்டால். செல் பிரிந்து முடிந்ததும் குரோமோசோம்களைச் சுற்றிப் புதிய சவ்வு எழும்பும், வெளியே மிதப்பது வெளியிலேயே நின்றுவிடும். அதனால் இ2 ஒரு கையால் வைரஸ் டி.என்.ஏ.வையும் மறுகையால் குரோமோசோமையும் பிடித்துக்கொண்டு பயணம் செய்கிறது. மாட்டு வைரஸில் அது பிடிக்கும் கொக்கி பி.ஆர்.டி.4 என்ற செல் புரதம் என்று பீட்டர் ஹவ்லியின் ஆய்வகம் 2004இல் காட்டியது. எல்லா வகையும் இதே கொக்கியைப் பிடிப்பதில்லை.

அளவுக்கு மீறிப் பெருகாமல் எது தடுக்கிறது?

பிரேக்குகளும் வைரஸிடமே இருக்கின்றன. இ8 என்ற சிறு துண்டும் இ2வின் பின்பாதியும் ஒட்டிய கலப்புப் புரதம் ஒன்று உண்டு. அதே இடங்களில் போய் உட்கார்ந்துகொண்டு வேலையை மட்டும் செய்யாது. அதை நீக்கிவிட்டால் பிரதிகளின் எண்ணிக்கை எகிறுகிறது. இ1ம் எப்போதும் கருவுக்குள் இருப்பதில்லை. வெளியே அனுப்பிவிடும் ஒரு வழி இருக்கிறது, செல் பிரிவதற்குத் தயாராகும் கட்டத்தில்தான் சி.டி.கே.2 என்ற செல் நொதி அதை உள்ளே நிறுத்தி வைக்கிறது. இ1 கருவுக்குள் அதிகம் தங்கினால் செல்லின் டி.என்.ஏ.வுக்கே சேதம் வரும். வீட்டை எரித்துவிட்டு விருந்து சாப்பிட முடியாதே.

இ6, இ7 என்ற இரண்டின் பெயரும் எப்போதும் அடிபடுகிறதே? அவையும் நகலெடுக்கின்றனவா?

நேரடியாக இல்லை. ஆனால் அவை இல்லாமல் மேலடுக்குக் கூத்து நடக்காது.

மேலே சொன்னதில் ஒரு சிக்கலை நீங்கள் கவனித்திருக்கலாம். வைரஸ் ஆயிரக்கணக்கில் பெருக நினைக்கும் மேலடுக்குச் செல் பிரிவதை நிறுத்திவிட்ட செல். பாலிமரேஸ், எழுத்துகளுக்கான கச்சாப்பொருள் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டது. அடுப்பு அணைந்த வீட்டில் தீப்பெட்டி வைத்து என்ன செய்ய? ஆகவே செல்லைத் தூங்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். இ7 அதைச் செய்கிறது. ஆர்.பி. என்ற செல் புரதம்தான் “போதும், பிரியாதே” என்று தடுத்து நிற்பது. இ7 அதைப் பிடித்து விலக்கிவிட்டால், நகலெடுக்கும் சாமான்கள் மறுபடி உற்பத்தியாகும்.

இப்படித் தப்பான நேரத்தில் விழித்த செல்லைப் பார்த்து பி53 என்ற காவலாளி சும்மா இருக்காது, தற்கொலைக்கு உத்தரவிடும். எனவே இ6, செல்லிலிருந்தே ஓர் ஆளைக் கூட்டி வந்து பி53ஐக் குப்பை என்று முத்திரை குத்தி அழிக்க வைக்கிறது. 16, 18 போன்ற ஆபத்தான வகைகளின் இ6தான் இதில் கெட்டிக்காரர். இ4, இ5 இரண்டும் கூடமாட ஒத்தாசை.

இன்னொன்று. டி.என்.ஏ. உடைந்தால் பழுதுபார்க்க ஓடிவரும் ஏ.டி.எம். என்ற செல் அமைப்பை வைரஸ் தானே தட்டி எழுப்புகிறது. அது தடைப்பட்டால் மேலடுக்குப் பெருக்கம் நடப்பதில்லை என்று கேரி மூடி, லாரன்ஸ் லைமின்ஸ் இருவரும் 2009இல் கண்டார்கள். பழுதுபார்க்க வந்த கொத்தனாரையே தன் வீடு கட்ட வைத்துக்கொள்கிறது.

அப்படியானால் புற்றுநோய் வைரஸின் நோக்கம் இல்லையா?

இல்லவே இல்லை. வைரஸுக்கு அது நஷ்டம்.

சில சமயம் வைரஸின் வளையம் அறுந்து மனிதக் குரோமோசோமுக்குள் செருகிக்கொள்கிறது. அறுபடும் இடம் பல நேரங்களில் இ2 மரபணுவின் மேல். இ2வின் இன்னொரு வேலை, இ6, இ7 இரண்டும் அளவோடு உற்பத்தியாகும்படி அடக்கி வைப்பது. அது போனதும் இரண்டும் கட்டவிழ்ந்துவிடும். ஆர்.பி., பி53 இரண்டு காவலும் நிரந்தரமாகப் போன செல் பிரிந்துகொண்டே இருக்கும், பிழைகள் சேரும், ஆண்டுகள் பல கழித்துப் புற்றாகலாம். எல்லாப் புற்றிலும் செருகல் நடந்திருக்கும் என்றில்லை, ஆனால் அடிக்கடி பார்க்கும் கதை இது. செருகிப் போன டி.என்.ஏ. வளையம் அல்ல, அதை ஓட்டுக்குள் அடைத்து அடுத்த ஆளுக்கு அனுப்ப முடியாது. வைரஸின் வம்சம் அந்தச் செல்லோடு முடிந்தது.

இதற்குச் சான்று உலகின் எல்லா ஆய்வகங்களிலும் இருக்கிறது. 1951இல் ஹென்ரியெட்டா லேக்ஸ் என்ற பெண்ணின் கட்டியிலிருந்து எடுத்து இன்றுவரை வளர்த்துவரும் ஹீலா செல்களில் ஹெச்.பி.வி. 18 செருகியிருக்கிறது, இ2 உடைந்துபோய். அந்தச் செல்களுக்குள் நல்ல இ2வைத் திரும்பக் கொடுத்தால் என்ன ஆகும்? இ6, இ7 அடங்குகின்றன, பி53உம் ஆர்.பி.யும் திரும்பி வருகின்றன, இத்தனை ஆண்டு ஓயாமல் பிரிந்த செல்கள் நின்று மூப்படைகின்றன. படித்த நாளிலிருந்து எனக்கு மிகப் பிடித்த சோதனை இது.

இ1, இ2வைத் தடுத்து மருந்து செய்ய முடியாதா?

முயன்றிருக்கிறார்கள். இ1ம் இ2வும் கைகோக்கும் இடத்தில் புகுந்து பிரிக்கும் சிறு மூலக்கூறுகளை ஒரு மருந்து நிறுவனத்தின் கனடா ஆய்வகம் கண்டுபிடித்தது. மருவுக்குக் காரணமான 6, 11 வகைகளுக்கு எதிராக அவை ஆய்வகத்தில் வேலை செய்தன. ஆனால் மருந்தாகக் கடைக்கு வரவில்லை.

அடிப்படையான இடைஞ்சல் வேறு. ஹெலிகேஸ் தவிர மற்ற நொதியெல்லாம் நம்முடையது, அதைத் தடுத்தால் நமக்கே ஆபத்து. புற்று வந்த பிறகோ அந்தச் செல்களுக்கு இ1, இ2 தேவையே இல்லை. ஆகவே இவ்வகை மருந்து வந்தாலும் மருவுக்கும் ஆரம்பத் தொற்றுக்கும்தான் உதவும்.

தடுப்பூசி இந்த நகலெடுப்பை நிறுத்துமா?

நிறுத்தாது. அது அதற்கும் முந்தைய கட்டத்தில் வேலை செய்வது. ஊசியில் இருப்பது எல்1 மட்டும் சேர்ந்து தானாக உருண்ட வெற்று ஓடு, உள்ளே டி.என்.ஏ. கிடையாது. அதைப் பார்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்புரதம், உண்மை வைரஸ் செல்லுக்குள் நுழையுமுன் மடக்கிவிடும். நுழைந்துவிட்ட வளையத்தின்மேல் எல்1 இல்லை, எதிர்ப்புரதத்துக்குப் பிடி கிடைக்காது. சிறு வயதிலேயே போடச் சொல்வதன் காரணம் இதுதான். 2006இல் முதல் ஊசி வந்தது. சீரம் நிறுவனத்தின் செர்வாவேக் இந்தியாவில் 2023இல் வெளியானது.

தொற்று வந்துவிட்டது என்று பயப்படவும் வேண்டாம். பத்தில் ஒன்பது தொற்று இரண்டு ஆண்டுக்குள் உடலாலேயே அடங்கிவிடும். நீடிப்பதைத்தான் பரிசோதனையில் கண்டுபிடிக்க வேண்டும்.

பாப் டெஸ்ட் என்பது பாப்பிலோமாவின் சுருக்கமா?

இல்லை. அது ஜார்ஜ் பாப்பனிக்கோலாவு என்ற மருத்துவரின் பெயர். அந்தச் சோதனை, கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த செல்லின் உருவத்தைப் பார்க்கிறது. ஹெச்.பி.வி. சோதனை வைரஸின் டி.என்.ஏ.வையே தேடுகிறது. உலக சுகாதார அமைப்பு 2021 முதல் முன்னிறுத்துவது இதைத்தான்.

கொரோனாபோல் இதுவும் உருமாறிக்கொண்டே இருக்குமா?

மெதுவாகத்தான். கொரோனா தன் சொந்த நொதியால் ஆர்.என்.ஏ.வை நகலெடுக்கிறது, பிழை அதிகம். பாப்பிலோமா இரவல் வாங்குவது மனிதனின் பாலிமரேஸ். அது எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தும் பழக்கம் உள்ளது, பிழை மிகக் குறைவு. ஃப்ளூ ஊசியை ஆண்டுதோறும் மாற்றுகிறார்கள். ஹெச்.பி.வி. ஊசியில் இதுவரை செய்த மாற்றம், புதிய வகைகளைக் கூடுதலாகச் சேர்த்தது மட்டும்தான்.